ஆறடியாரின் அளவில்லாத ஜெபம்

ஆறடியாரின் உயரம் ஐந்தடிக்குச் சற்று மேலே. சவப்பெட்டி செய்கிறவருக்கு வேறு பெயர் வைக்கச் சபையில் யாருக்கும் தோன்றவில்லை. பெட்டி எப்போதும் ஆறடியைவிடக் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும் என்று அவர் சில காலம் திருத்திப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். யாரோடு பேசினாலும் அவர் பார்வை முதலில் உச்சந்தலைக்குப் போகும், தோளுக்கு வரும், பாதத்தில் இறங்கி நிற்கும். தொழில் பழக்கம், வேண்டுமென்று செய்வதில்லை. ஆனாலும் அவர் எதிரே வந்தால் சிலர் முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு பேசுவார்கள், அளவு தப்பிப் போகட்டும் என்று.

கஷ்டகாலத்தில் மற்றவர்கள் ஜெபிப்பது சுலபம். கொத்தனார் வேலை கேட்கலாம், குடை விற்கிறவர் மழை கேட்கலாம். ஆறடியார் என்ன கேட்பார்? ஆராதனையில் அன்றாட ஆகாரத்துக்காக மன்றாடும் இடம் வந்ததும் அவர் குரல் தாழ்ந்துவிடும். அப்படியும் முன்வரிசைப் பெரியவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். உலகில் ஏன் துன்பம் இருக்கிறது என்று அலமாரி அலமாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். தன் வயிறு நிறைய அடுத்த வீடு அழ வேண்டியிருக்கிறதே, இவன் எப்படிக் கடவுளிடம் பேசுவான் என்று அதில் எங்கும் நான் படித்ததில்லை. ஆறடியார் கண்ட வழி ஒன்றுதான்: தனக்காக எதுவும் கேட்பதில்லை. எனக்கு எது வேண்டும் என்று ஆண்டவருக்குத் தெரியும், நான் வாயைத் திறந்தால் வம்பு என்பார்.

இதைப் பெரிய ஞானம் என்று சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாதவனின் பணிவு பணிவில் சேருமா என்பது தனிக் கேள்வி. ஆனால் தனக்காகத் திறக்காத வாய் பிறருக்காகத் தாராளமாகத் திறந்தது. சபையின் ஜெபக்குழுவில், நோயாளி வீட்டுக்குப் போனால் ஒருவர் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபிப்பார். மற்றவர்களும் கண்ணை மூடி, அவர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் ஆமென் சொல்வார்கள். ஆறடியார் ஜெபித்தால் நோயாளி எழுந்துவிடுகிறார் என்ற பேச்சு எப்படியோ பரவியது. மஞ்சள்காமாலை வந்த தபால்காரர் எழுந்தார். மாடிப்படியில் உருண்ட தையல்காரம்மா எழுந்தார். மருத்துவர்களுக்கும் இதில் பங்கு இருந்திருக்கும்.

ஆறடியாரின் மனைவிக்கு மட்டும் இந்தப் புகழ் ருசிக்கவில்லை. "ஊருல படுத்தவங்களை எல்லாம் எழுப்பி விடுங்க. நம்ம வீட்டு அடுப்பு படுத்தே கெடக்கு" என்றார்.

அவர் சொன்னதில் மிகை இல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாக ஒரு கடை வந்திருந்தது. பெட்டிகளைத் தொழிற்சாலையிலிருந்து வரவழைத்து விற்றார்கள். பட்டறைக்கு ஆள் வருவது நின்றது. வேறு ஊரில் பிளைவுட் ஆலையில் மேற்பார்வை பார்க்கும் மைத்துனர், மாதக் கடைசிக்குள் வந்தால் தன் கீழே ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தார். "தன் கீழே" என்பதை அவர் இரண்டு முறை சொன்னாராம். பட்டறையை மூடுவதா என்பதுதான் கேள்வி. மூடாமல் இருக்க மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை பேக்கரிக்காரர்.

பேக்கரிக்காரர் சபையில் பெரிய மனிதர், சுற்றளவிலும். தான் போகும்போது சும்மா போவதாக இல்லை என்று, தேக்கு மரத்தில் பித்தளைப் பிடிகளோடு ஒரு பெட்டிக்குச் சொல்லியிருந்தார். ஆறடியார் கையிலிருந்த நல்ல மரம் அத்தனையும் போட்டுச் செய்து முடித்துவிட்டார். பெட்டி தேவைப்படுகிற அன்றைக்குப் பணம் என்பது பேச்சு.

இந்த நிலையில் பேக்கரிக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். வீட்டார் ஆறடியாரைக் கூப்பிட்டனுப்பினார்கள், ஜெபிக்க.

வாசலில் மனைவி வழிமறித்தார். "போக வேணாம்னு சொல்லல. போங்க, ஜெபம் பண்ணுங்க. ஆனா அளவா பண்ணுங்க."

"அளவான்னா?"

"வலி இல்லாம இருக்கட்டும்னு கேளுங்க, நிம்மதியா இருக்கட்டும்னு கேளுங்க. எழுப்பித்தான் ஆகணும்னு அடம் பிடிக்காதீங்க."

ஆறடியார் செருப்பை மாட்டினார். இடது செருப்பை வலது காலில் மாட்டியிருந்ததைத் தெருமுனையில்தான் கவனித்தார்.

நோயாளியின் அறை நிறைய ஆட்கள். கட்டிலை நெருங்கியதும் அவர் பார்வை தன் வழக்கப்படி தலையிலிருந்து பாதம்வரை போய் வந்தது. காய்ச்சலில் மெலிந்திருக்கிறார், தோளில் இரண்டு விரல் இடைவெளி வரும் என்று மனம் கணக்குப் போட்டது. அதை உணர்ந்ததும் பார்வையைச் சுவருக்குத் திருப்பினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, நீர் எல்லாம் அறிஞ்சவர்."

"ஆமென்" என்றது அறை.

"எங்க மனசுல இருக்கிறது உமக்குத் தெரியும்."

"ஆமென்."

"இவர் போனா என் பட்டறை பொழைக்கும்."

"ஆமென்."

பழக்கம் பொல்லாதது. சொன்ன பிறகுதான் அறைக்கு உறைத்தது. மூத்த மருமகளின் ஆமென் மற்றவர்களுடையதைவிடச் சற்று அழுத்தமாக விழுந்ததாக ஒரு கருத்து உண்டு. பேக்கரிக்காரர் ஒரு கண்ணைத் திறந்து, யார் யார் என்று பார்த்துக்கொண்டார்.

ஆறடியார் இதையெல்லாம் அறியவில்லை. "அந்த நெனப்போடதான் இங்க வந்து நிக்கிறேன். உம்மகிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. ஆனாலும் இவரை எழுப்பிவிடும். அரைகுறையா வேணாம், நல்லா எழுப்பிவிடும். எங்க சோத்துக்கு வழி நீர் பாத்துக்கும்."

இந்தமுறை ஆமென் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. கடைசியில் அது கட்டிலிலிருந்து வந்தது.

பேக்கரிக்காரர் பிழைத்தார். மருந்து பாதி, அன்றைய ஆமென்களை ஆள் வாரியாக விசாரிக்க வேண்டும் என்ற வைராக்கியம் பாதி. நடக்க முடிந்ததும், கைத்தடி ஊன்றி நேராகப் பட்டறைக்கு வந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். ஏறிப் படுத்தும் பார்த்தார். முழங்கை இடிக்கிறது, தலைப்பக்கம் காற்றோட்டம் போதாது என்று குறை சொன்னார். பிறகு எழுந்திருக்க முடியாமல் இருவருமாகச் சேர்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"இவ்வளவு நல்ல மரம் எனக்காகச் சும்மா காத்துக் கெடக்குறதா?" என்றார் பேக்கரிக்காரர், வெளியே வந்து. "நிமித்தி வச்சு நாலு தட்டு அடிச்சுக் குடு. இப்ப சட்டை அடுக்குறேன். தட்டைக் கழட்டுற மாதிரி அடி, அப்புறம் என்னை அடுக்கிக்கலாம்."

பெட்டி தேவைப்பட்டுவிட்டதால் பணத்தையும் அன்றே கொடுத்தார்.

மூடி கதவாயிற்று. படுக்கையறையில் பித்தளைப் பிடிகள் மின்ன அது நின்றது. நலம் விசாரிக்க வந்தவர்கள் நோயாளியை விட்டுவிட்டு அலமாரியை விசாரித்தார்கள். தபால்காரர் தனக்கு ஒன்று கேட்டார். பாடகர் குழுவின் கட்டைக் குரல்காரர் இரண்டு கதவு வைத்துக் கேட்டார். இருவர் படுக்கும் அகலம் வருமே, மனைவியின் சம்மதத்தை வாங்கி வாருங்கள் என்று ஆறடியார் திருப்பி அனுப்பினார். போதகர், பிரசங்கக் குறிப்புகள் வைக்க அகலம் குறைவாக ஒன்று போதும் என்றவர், யோசித்து, அகலத்தைக் குறைக்க வேண்டாம் என்றார்.

ஒரு நோயாளி பிழைத்தார், சில அலமாரிகள் விற்றன, அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் மறுக்க என்னிடம் வாதம் இல்லை. அற்புதம் என்ற சொல்லை நான் லேசில் எடுப்பதில்லை. ஆனால் தன் பிழைப்பைத் தானே வெட்டிவிடும் அந்த வேண்டுதலை, அரைகுறையாக வேண்டாம் என்று வேறு சேர்த்து, அந்த அறையில் சொன்னாரே, அதைச் சாதாரணம் என்று சொல்லவும் நாக்கு வரவில்லை.

மாதக் கடைசியில் மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டார். வரவில்லை, பட்டறையில் வேலை குவிந்திருக்கிறது என்றார் ஆறடியார்.

மைத்துனர் குரலைத் தாழ்த்தினார். "யாரு மச்சான் செத்தா?"

"யாரும் சாகல மாப்ள."

"ஒருத்தரும் சாகாம எப்படி வேலை குவியும்?"

ஆறடியார் முதலிலிருந்து விளக்கினார். மைத்துனர் நடுநடுவே "ஐயையோ" என்றார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, தட்டுகளுக்கும் தேக்குதான் போடுகிறீர்களா என்று கேட்டார்.

"கழட்டுற தட்டுதானே, பிளைவுட் போதும். உன் ஆலையில நல்லதா பாத்து அனுப்பு" என்றார் ஆறடியார். "மெல்லிசா அனுப்பிடாத. போதகரோட புஸ்தகம் கனமா இருக்கு."