மாமாவின் வால் கோட்டு

எங்கள் மாமா எந்தக் கதையைத் தொடங்கினாலும் அது யூதர்களில் போய்த்தான் முடியும். ரயில் பிந்தினாலும், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும், நான் கணக்கில் கோட்டை விட்டாலும் "யூதரைப் பாருங்கோ" என்பார். அவர் அம்மாவின் தமையன். நாங்கள் வந்து குடியேறிய ஜேர்மனியில், பிராங்பேர்ட் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. ஊரில் இளந்தாரியாக இருந்த காலத்திலேயே மேடைப் பேச்சுகளில் அந்தக் கதையைக் கேட்டு மயங்கிவிட்டார். உலகமெல்லாம் சிதறிக் கிடந்த ஒரு சனம் கூடிப் பேசியது, கோயிலோடு நின்றுபோன மொழியை எழுப்பிச் சமையலறையில் பேச வைத்தது, கடைசியில் நாடும் எடுத்தது என்பது கதை. இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்ததால், எட்டு வயதில் எனக்கு யூதர் என்றால் நித்திரையே கொள்ளாத, ஒருநாளும் பாலைப் பொங்க விடாத மனிதர்கள்.

பிறகு எங்கள் மேல்மாடிக்கு உண்மையான யூதர் ஒருவரே குடிவந்தார். ஒடெசா நகரத்தில் வயலின் வாசித்தவர். பகல் பதினொரு மணி வரை குறட்டை விடுவார். அவர் பால் வைத்தால் தீய்ந்த மணம் எங்கள் படிக்கட்டு வரை இறங்கிவரும். எனக்குப் பெரிய ஏமாற்றம். மாமாவுக்கோ தலைகால் புரியாத சந்தோசம். அடுத்த ஞாயிறே தோசைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

வயலின்காரர் தோசையைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டபடி, ரஷ்ய வாடை அடிக்கும் ஜேர்மனில் ஒரு கதை சொன்னார். நூறு வருசத்துக்கு முன் யூதருக்கு நாடு வேண்டும் என்று எழுதிய வியன்னாப் பத்திரிகைக்காரர் ஒருவர் இருந்தாராம், நெஞ்சு வரை தாடி. அவர் பாசல் நகரத்தில் முதல் மாநாட்டைக் கூட்டியபோது, வருகிறவர்கள் எல்லோரும் பின்புறம் நீண்டு தொங்கும் கறுப்பு வால் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் போட வேண்டும் என்று கட்டளை இட்டாராம். சாதாரணக் கோட்டோடு வந்த நெருங்கிய கூட்டாளியையே உடுப்பு மாற்றி வரச்சொல்லித் திருப்பி அனுப்பினாராம். நாடு இல்லாதவன் நாடு உள்ளவன் போல நடக்கப் பழகினால்தான் உலகம் திரும்பிப் பார்க்கும் என்பது அவருடைய எண்ணம்.

மாமா வாயைப் பிளந்தபடி இருந்தார். அம்மா தோசைக்கல்லில் எண்ணெய் விட்டபடி, "அண்ணை, ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ. அவை நாடு எடுத்த இடத்திலை முதலே இருந்த சனத்துக்கு என்ன நடந்தது?" என்றாள். நாங்கள் விட்டுவந்த ஊர் வீட்டில் அப்போது ஆமிக்காரர் குடியிருந்தார்கள்.

"உது வேறை கதை, பிள்ளை" என்று மாமா முணுமுணுத்தார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். வேறு வழியில்லாமல் மாமா கேள்வியை ஜேர்மனில் சொன்னார்.

வயலின்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "என் தாத்தாவும் அவருடைய தம்பியும் இந்தக் கேள்வியில்தான் பிரிந்தார்கள்" என்றார். "சொந்த நாடு இல்லாவிட்டால் நம்மைக் கொன்றுபோடுவார்கள் என்றார் தம்பி. அவர் சொன்னது பிழையில்லை, பிறகு கொன்றார்கள். அங்கே வீடும் தோட்டமுமாக அரபு மக்கள் இருக்கிறார்களே என்றார் தாத்தா. அதுவும் பிழையில்லை. தம்பி அங்கே போனார், தாத்தா ஒடெசாவில் நின்றார். சாகும்வரை இருவரும் கதைக்கவேயில்லை."

அம்மா அவருடைய தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். மாமாவின் மனதில் பதிந்தது கோட்டு மட்டும்தான்.

அந்த நாட்களில் மாமாவுக்கு ஒரே ஒரு கனவு. நாங்கள் குடியிருந்த ஜேர்மன் ஊரின் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு வைக்க ஓர் அறை வேண்டும். ஊர் மண்டபத்தில் அதற்கு வாய்ப்பான சின்ன அறை ஒன்று இருந்தது. ஆனால் சனிக்கிழமைகளில் அங்கே நாலு ஜேர்மன் கிழவர்கள் சீட்டு விளையாடினார்கள், பல காலமாக. மண்டபப் பொறுப்பாளரான அம்மையார் மாமாவைக் கண்டாலே தலையை ஆட்டி இல்லை என்றுவிடுவார். "நாலு கிழடுகள் காட்ஸ் அடிக்க ஒரு மண்டபமோ? உதுகளை எழுப்பாமல் எங்கடை பிள்ளையளுக்குத் தமிழ் வராது" என்று மாமா வீட்டில் நின்று கொதிப்பார். நான் உள்ளுக்குள் கிழவர்கள் கட்சி. சனிக்கிழமை காலையில்தான் தொலைக்காட்சியில் கார்ட்டூன். அவர்களை அசைக்கக்கூடாது என்று பிள்ளையாரிடம் நேர்த்திகூட வைத்தேன்.

தோசைக்குப் பிறகு மாமாவைப் பிடிக்க முடியவில்லை. அந்தச் சின்ன அறையையே ஒரு பின்னேரத்துக்கு வாடகைக்கு எடுத்து, ஊரில் இருந்த தமிழரையெல்லாம் மாநாட்டுக்கு அழைத்தார். கூடிப் பேசி எல்லோருமாகப் போய் அம்மையாரிடம் அறையைக் கேட்பது திட்டம். "கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சேட்டு, கழுத்திலை பட்டி. இல்லாட்டி வாசல்லையே திருப்பி அனுப்புவன்" என்று வீடு வீடாகத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். வயலின்காரர் இசைக்குழுவில் போட்ட தன் சொந்த வால் கோட்டைக் கொடுத்தார். அவர் நல்ல உயரம், மாமா என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். வால் நிலத்தில் இழுபட்டது. கறை படாமல் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது என் வேலை.

மாநாட்டுக்கு ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் சொன்னபடியே வந்தார்கள். வெள்ளைச் சேட்டு, கறுப்பு அரைக்கோட்டு, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி கறுப்புப் பட்டி. பாதிப்பேர் ரெஸ்ரோரண்டில் பரிமாறுகிறவர்கள், வேறு கறுப்புக் கோட்டு அவர்களிடம் இல்லை. மற்றப் பாதி அவர்களிடம் இரவல் வாங்கியிருந்தார்கள். மாமாவின் முகத்தில் பெருமை பொங்கி வழிந்தது. நாற்காலியில் ஏறி நின்று பேசத் தொடங்கினார். "நாங்கள் ஆருக்கும் எடுபிடி இல்லை! நிமிர்ந்து நிக்கிற ஒரு சனம்!" என்று கையை உயர்த்தவும் கதவு படாரென்று திறந்தது.

மண்டபத்து அம்மையார் மூச்சிரைக்க நின்றார். பக்கத்துப் பெரிய மண்டபத்தில் ஒரு கிழத் தம்பதிக்கு ஐம்பதாவது கலியாண நாள். சமைத்தவர்கள் வந்துவிட்டார்கள், பரிமாற வேண்டியவர்களின் வண்டி வழியில் நின்றுவிட்டது. பதற்றத்தில் அம்மையார் மாமாவின் முகத்தைக்கூட அடையாளம் காணவில்லை, எங்கள் ஆட்களின் கறுப்புக் கோட்டையும் கழுத்துப்பட்டியையும்தான் மேலும் கீழும் பார்த்தார். "கடவுளே, வந்துவிட்டீர்களா! சூப் ஆறுகிறது, ஓடி வாருங்கள்!" என்றார்.

ஐயோ, மாமாவின் முகம்! நாற்காலியில் உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றது. பின்வரிசையில் வயலின்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அம்மாதான் எழும்பினாள். "அண்ணை, அம்பது வரியம் ஒண்டா இருந்த சீவனுகள் இண்டைக்குப் பட்டினி கிடக்கிறதே? இறங்குங்கோ."

மாமா இறங்கினார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். முதல் தட்டை அவரே தூக்கினார். பிறகு பார்க்க வேண்டுமே! ஒரு கையில் மூன்று கோப்பை, மறு கையில் ரொட்டிக் கூடை, மேசைகளுக்கு நடுவே நெளிந்து வளைந்து எங்கள் மாநாடு முழுவதும் பறந்தது. சட்டப்படி வாலைத் தூக்கிக்கொண்டு நானும் மாமாவுக்குப் பின்னால் ஓடினேன். மாநாட்டுத் தொடக்கத்துக்காக வயலின்காரர் ஒரு கம்பீரமான இசை தயாரித்து வந்திருந்தார். அதையே வேகமாக்கி, ஆடுவதற்கேற்ற மெட்டாக வாசித்தார். சாப்பாடு முடிந்ததும் கலியாணக் கிழவி மாமாவைத்தான் ஆடக் கூப்பிட்டாள். மாமா ஆட, கிழவி சிரிக்க, நான் வாலோடு சுற்றிச் சுற்றித் தலைகிறுகி விழுந்தேன். அப்படி ஒரு சந்தோசமான பின்னேரத்தை நான் அதற்குப் பிறகு கண்டது குறைவு.

உண்மை தெரிந்ததும் அம்மையாருக்கு வெட்கம் தாங்கவில்லை. மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சனிக்கிழமை அந்த அறை உங்களுக்குத்தான். சீட்டுக்காரர்களை நாளைக்கே எழுப்பிவிடுகிறேன்" என்றார்.

என் கார்ட்டூன் போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன். மாமா துள்ளிக் குதிக்கப்போகிறார் என்று பார்த்தால், அவர் அம்மாவைத்தான் பார்த்தார். அம்மா எச்சில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்" என்றார் மாமா, ஜேர்மனில். "அவர்கள் முதலே அங்கே இருந்தவர்கள், இருக்கட்டும். எங்களுக்குப் பாதி அறை போதும்."

அப்படித்தான் நடந்தது. ஒரு மூலையில் நாங்கள் அ, ஆ என்று கத்த, மறு மூலையில் கிழவர்கள் சீட்டை மேசையில் அடித்தார்கள். அவர்களுக்கு எங்கள் சத்தம் கரைச்சல், எங்களுக்கு அவர்களின் சுருட்டு மணம் கரைச்சல். வாரம் தவறாமல் சண்டை. ஆனாலும் எங்களுக்குச் சீட்டு விளையாடத் தெரியும், அவர்களில் ஒருவருக்கு உயிரெழுத்து முழுவதும் பாடம்.

ஆனால் அன்றைக்கு, மாமா பாதி போதும் என்றதும், வயலின்காரர் வயலினைக் கீழே வைத்துவிட்டு வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை. தோள் குலுங்க அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அழுவதை நான் கண்டதேயில்லை. இரவல் கொடுத்த கோட்டை நினைத்துத்தான் அழுகிறார் என்று எனக்குப் பாவமாகிவிட்டது. ஓடிப்போய் வாலை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினேன்.

"பாருங்கள், ஒரு சொட்டுச் சூப்கூடப் படவில்லை" என்றேன்.

அவர் என் தலையைத் தடவிவிட்டு, இன்னும் அதிகமாக அழுதார்.