சுடாத கண்ணாடிக் குண்டு

புதூர்நாட்டு மலையில் வானிலைக் கூடம் வந்தபோது மங்கம்மாளுக்கு அங்கே கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். ஆனாலும் சாமை விதைக்கிற அந்தக் குடும்பத்தில் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள், அந்தப் பெருமை நடையிலேயே தெரியும்.

அங்கே ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது. வெயில் அதன் வழியே இறங்கிப் பின்னால் செருகிய அட்டையில் கோடாகச் சுடும். கோடு நீண்டால் அன்றைக்கு நல்ல வெயில். எண்பத்திரண்டாம் வருஷம் சித்திரைப் பிறப்புக்கு வீட்டுக் குத்துவிளக்கை விளக்கிய சூட்டோடு, குண்டையும் அதன் பித்தளைக் கிண்ணத்தையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள் மகராசி. பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் மாசம் முடிவதற்குள் கோடு மெலிந்துபோனது. காலையில் வெயில் ஏறி வெகுநேரம் கழித்துத்தான் அட்டை கருகியது.

பொறுப்பாளர் அருணகிரி சந்தவாசல்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர். எதைப் போட்டுத் துடைத்தாய் என்று கேட்டார். வெறும் துணிதான் என்று சாதித்தாள். பட்டணத்திலிருந்து புதுக் குண்டு வருகிறது, அது ஒழுங்காகச் சுட்டால் பழையது கெட்டது உன் கையால்தான், அப்புறம் உன்னை வைத்திருக்க முடியாது என்றார். வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்களே, அவளுக்கு அது நிஜப் புளி.

குண்டு வந்த அன்று மாரியம்மன் முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்கு இதுவும் சுடக் கூடாது தாயே."

மறுநாள் விளக்குமாற்றைப் பிடித்தபடி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் முதுகில் ஏறியும் அட்டை வெள்ளையாகவே கிடந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மற்ற ஊர்க் கூடங்களிலும் இதே கதைதான் என்று பிறகு தகவல் வந்தது. அருணகிரியே வந்து சொன்னார்.

"உம்மேல தப்பில்ல மங்கம்மா. மெக்சிகோவுல ஒரு மல வெடிச்சிருக்கு. அந்தத் தூசி ஒசர நின்னுக்கிட்டு வெயில நேரா எறங்க வுடல."

"எப்பங்க சார் போவும்?"

"யாருக்கும் தெரியல."

வேலை தங்கியது. வீட்டுக்கு வந்தாள். புருஷன் ராஜாக்கண்ணு விதைச் சாமையை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தான்.

"வெயிலு மங்கலா கீதே, இன்னா சொல்றாரு உங்க சாரு? வெள்ளாம தேறுமா?"

சுடக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள், அந்த வேண்டுதலைத் திருப்பி வாங்க மறுபடி மாரியம்மனிடம் நடந்தாள்.