பிலாத்து காலத்துப் பாடு

விசுவாசப்பிரமாணத்தை நான் படித்துக் கற்கவில்லை. காதால் பிடித்தேன். வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. மகாபலிபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் எங்கள் குப்பம். என் வீட்டுக்காரரும் நானும் ஞானஸ்நானம் வாங்குவதென்று முடிவாகி, செங்கல்பட்டிலிருந்து பாதிரி ஐயர் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு வாரம் இருந்தது. அதற்குள் பிரமாணம் மனப்பாடமாக வேண்டும் என்று உபதேசியார் சொல்லிவிட்டார். எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தவர் அவர்தான்.

வீட்டுக்காரர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். வலையைச் சரிசெய்துகொண்டே ஒரு வரி வாசிப்பார். நான் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே திருப்பிச் சொல்வேன். பிறகு மீன்கூடையைத் தலையில் ஏற்றி, கால்வாயைப் படகில் தாண்டி, திருப்போரூர் சந்தைக்கு நடப்பேன். போய்ச் சேர்வதற்குள் நாற்பது தடவை சொல்லிவிடுவேன். படகில் மட்டும் மூன்று.

கூட வரும் கூடைக்காரி ஒருத்திக்கு வாய் சும்மா இருக்காது.

“இன்னாடி, மீனுக்கு மந்திரம் போட்டுகினு வர்ற?”

“மந்திரம் இல்லடி. சாமிய பத்தி நான் நம்புறதெல்லாம் அதுல வரிசையா கீது.”

“நடுவுல யாரோ பிலாத்துன்னியே, அது யாரு? உன் வூட்டுக்காரருக்குப் பங்காளியா?”

எனக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு என்று வருகிறது. எங்கள் கரையில் வலையில் விழும் மீனுக்குப் பாடு என்றுதான் பேர். காலையில் யாரைப் பார்த்தாலும் ‘பாடு எப்படி?’ என்றுதான் கேட்போம். இயேசுநாதருடைய கூட்டாளிகள் மீன்பிடிக்கிறவர்கள் என்று உபதேசியாரே சொல்லியிருந்தார். எல்லாம் பொருந்தி வந்தது.

“அந்தக் கரைக்குத் தலைவருடி. அவரு காலத்துல எங்க சாமிக்கு நல்லா மீன் பட்டுது” என்றேன்.

“அப்போ நம்ம ஆளுதான்னு சொல்லு” என்றாள். அதன்பிறகு அவள் கிண்டல் செய்யவில்லை.

ஐயர் வருவதற்கு முந்தின வாரம் உபதேசியார் எங்களைச் சோதித்தார். நான் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

“ரொம்ப சரி. பாடுபட்டார்னா என்னம்மா அர்த்தம்?”

சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். உள்ளே அவர் மனைவி சத்தமாகவே சிரித்துவிட்டார்.

“பாடுன்னா இங்க வேதனைம்மா. பிலாத்து தீர்ப்பு சொன்ன அதிகாரி. அடிச்சு, ஆணியால அறைஞ்சு கொன்னாங்களே, அதைத்தான் சொல்றோம்.”

அந்தச் சொல்லுக்கு அடுத்தாற்போலவே சிலுவை வருகிறது. எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன்! மீன் பிடித்தவரை எதற்குச் சிலுவையில் அறைந்தார்கள் என்று ஒரு தடவைகூட என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த அம்மா சிரித்ததைவிட அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

உபதேசியார் நல்ல மனுஷர். எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, “ரெண்டு பேருக்கும் சேர்த்து உன் வீட்டுக்காரரே சொல்லட்டும். நீ ஆமென் சொன்னா போதும்” என்றார்.

“அது எப்பிடி ஐயா? ஜெபத்துல எங்கள் பிதாவேன்னு கீது. அத அவரு சொன்னா நானும் உள்ள வந்துடுவேன். இதுல விசுவாசிக்கிறேன்னு கீது. அவரு சொன்னா அவரு மட்டுந்தானே? என்ன எங்க வெச்சீங்க?”

உபதேசியார் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். ஊரே சேர்ந்து சொல்வதற்கு ஏன் ‘விசுவாசிக்கிறோம்’ என்று போடவில்லை என்பது அவருக்கும் அன்றைக்குத்தான் உறைத்ததோ என்னவோ, அந்த வரியில் விரலை வைத்து மறுபடி வாசித்தார்.

வீட்டுக்காரர்தான் பேசினார். “அவளே சொல்லட்டும் ஐயா. நான் அவளுக்குன்னு எத சொன்னாலும் வூட்டுக்கு வந்து திருத்துவா.”

“சரி. ஆனா தடுமாறினா ஞானஸ்நானம் மழைக்காலம் கழிச்சுத்தான்” என்றார் உபதேசியார்.

ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் நடக்கும் கீற்றுக் கொட்டகை நிறைய ஜனம். வீட்டுக்காரர் சொல்லி முடித்தார். நான் ஆரம்பித்தேன். பாடுபட்டு என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். மறக்கவில்லை. இத்தனை நாளும் எதைச் சுமந்துகொண்டு சந்தைக்கு நடந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. உபதேசியார் உதட்டை அசைத்து எடுத்துக்கொடுக்கப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல், சந்தையில் கூவுகிற குரலில் அந்தச் சொல்லைச் சொன்னேன். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். மீதியையும் அதே குரலில் முடித்தேன். தலையில் தண்ணீர் விழுந்தது.

மறுநாள் படகில் கூடைக்காரி கேட்டாள். “இன்னாடி, உங்க சாமிக்குப் பாடு எப்பிடி?”

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். மனசு வரவில்லை.

“நான் அன்னிக்குச் சொன்னது தப்புடி. தெரியாம சொல்லிட்டேன்” என்றேன். ஒருத்தரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீயா தப்புன்னு சொல்ற? அப்போ பெரிய சங்கதிதான். மொதல்லேந்து சொல்லு, கேக்குறேன்.”

கூடையை இறக்கி வைத்தேன். படகு அக்கரைக்குப் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக ஆரம்பித்தேன்.