ஜான்சன் அண்ணனின் மூன்றாவது சரணம்

பாட்டு பதிவாகும்போது ஏசியை நிறுத்திவிடுவோம். அதன் இரைச்சல் மைக்கில் ஏறிவிடும். நிறுத்திய கொஞ்ச நேரத்தில் சுவரில் ஒட்டியிருந்த கார்ப்பெட்டிலிருந்து ஈர நாற்றம் கிளம்பும்... கடல் காற்றைக் குடித்துக் குடித்து ஊறிப்போன கார்ப்பெட்.

கல்மண்டபத்தில் மார்ட்டின் அண்ணன் வைத்திருந்த ரெக்கார்டிங் ஸ்டுடியோ அது. காலேஜ் முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை. மைக் மாட்டுவது, கம்ப்யூட்டரில் பதிவு செய்வது, டீ சொல்வது எல்லாம் நான்தான். பெரும்பாலும் மாதா பாட்டு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் ஓயும் இடைவெளி பார்த்துப் பாட வைப்போம்.

ஒரு மத்தியானம் ஜான்சன் அண்ணன் வந்தார். காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு ஓட்டுபவர். படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அந்த நேரத்தில் ஓடி வந்திருந்தார். லுங்கியிலிருந்து ஐஸ் தூள் கரைந்து தரையில் சொட்டியது. சொந்தமாக ஒரு பாட்டு கட்டியிருந்தார். கரையில் விளக்கோடு நிற்கும் மாதாவை, கடலிலிருந்து ஒருவன் கூப்பிடும் பாட்டு.

இரண்டு சரணம் பாடினார். மூன்றாவதற்கு வார்த்தை இல்லை, ராகத்தை மட்டும் முனகினார். நடுவில் ஓரிடத்தில் அந்த ராகம் சட்டென்று கீழே இறங்கியது... படியில் கால் தவறும்போது வயிற்றுக்குள் ஒரு கணம் வெறுமையாகுமே, அப்படி.

கீபோர்டில் இருந்த மார்ட்டின் அண்ணன் வாசிப்பதையே நிறுத்திவிட்டார்.

"இன்னா ஜான்சா, இந்த எடத்த எங்க புட்ச்ச?"

"தெர்லபா. இப்ப இங்க பாட சொல்லோதான் வந்துச்சு. வார்த்த இன்னும் வர்ல. இந்த ட்ரிப்பு முடிச்சிகினு வந்து பாடிக் குடுக்குறேன்."

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ஸ்டுடியோவிலிருந்து நேராக லாஞ்சுக்குப் போனார்.

அந்த லாஞ்சு திரும்பி வரவில்லை. புயலும் இல்லை, மழையும் இல்லை. கூடப் போன படகுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. அவருடைய படகிலிருந்து ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து, பக்திப் பாட்டு வெளியிடும் கம்பெனிக்காரர் ஒருவர் ஸ்டுடியோவில் அந்தப் பாட்டின் பதிவைக் கேட்டார். இரண்டு சரணம் போதும், ஆல்பத்தில் போடலாம், ராயல்டி குடும்பத்துக்குப் போகும் என்றார். ஜான்சன் அண்ணனின் மனைவி ரீட்டா அக்காவைப் பார்க்க அவரை நான்தான் கூட்டிப் போனேன். அக்கா இறால் உரித்து இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். இது கிடைத்தால் கொஞ்சம் மூச்சு விடுவாரே என்று எனக்கு ஆசை.

கம்பெனிக்காரர் பொறுமையாக விளக்கினார். பாட்டு எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை உரிமை அவருடையது. இறந்த பிறகு அறுபது வருஷம் வாரிசுகளுக்கு. அதற்கப்புறம் அது பொதுச் சொத்து, யார் வேண்டுமானாலும் பாடலாம்.

"அதனால அவர் இறந்த தேதி வேணும்மா. வாரிசுன்னு நீங்க ஒரு கையெழுத்து போடணும்."

"யாரு செத்தது?"

"இல்லம்மா... கடல்ல போனவர்..."

"கடலுக்குப் போனாரு. செத்தத நீ பாத்தியா?" அக்காவின் குரல் உயரவே இல்லை. "பாட்டு அவரோட்து. அவரே வந்து போடட்டும் கையெழுத்து."

"அக்கா, பசங்க படிப்புக்காவது..." என்று இழுத்தேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "ஏம்மா, உங்களுக்கு மூணாவது சரணம் வோணாமா?"

பாடினார்.

'விளக்க அணைக்காத, கர இன்னும் தெரியுது' என்று வார்த்தைகளோடு வந்தது அது. ராகம் அதே ராகம். அந்த இடத்தில் அதேபோல் கீழே இறங்கியது. அந்தப் பதிவு ஸ்டுடியோவை விட்டு வெளியே போனதே இல்லை.

"யாருக்கா சொல்லிக் குடுத்தது?"

"அவருதான். நான் இறா உரிக்க சொல்லோ பின்னாடி நின்னுகினு பாடுவாரு. திரும்பிப் பாத்தா நிறுத்திடுவாரு. அதான் நான் திரும்புறதில்ல."

கம்பெனிக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு ஸ்டுடியோவுக்கு அவர் வரவே இல்லை. 'அக்காவுக்கு நீங்க பாடிக் காட்டினீங்களா' என்று மார்ட்டின் அண்ணனிடம் கேட்டேன். "நான் அந்தத் தெரு பக்கமே போகலியேம்மா" என்றவர், அன்றைக்கு வேலை போதும் என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்.

ஸ்டுடியோ மூடி ரொம்ப நாளாகிறது. ரீட்டா அக்காவுக்கு எர்ணாவூரில் அரசாங்க வீடு ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள். போன மாதம் பெரியவளின் நிச்சயத்துக்குப் போயிருந்தேன். விருந்தாளிகள் போன பிறகு, பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டே அக்கா தானாகப் பாட ஆரம்பித்தார். மூன்றாவது சரணம் முடிந்தது...

அக்கா நிறுத்தவில்லை. நாலாவது தொடங்கியது.

"அக்கா, இது எப்ப வந்துச்சு?"

"போன மழையப்போ."

என் கை போனை எடுத்தது. அக்கா மெதுவாக அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "வோணாம்மா. அவரு இன்னும் முடிக்கல."

அந்தக் காலத்தில் ஒரு பாட்டு வேண்டுமென்றால் அதைக் கட்டியவரைத் தேடிப் போய்க் கேட்போம். இப்போது யார் பாடினாலும் உடனே போனுக்கு வந்துவிடுகிறது, யார் எழுதியது என்று ஒருவரும் கேட்பதில்லை... ஜான்சன் அண்ணன் பாட்டு மட்டும் எதில் தேடினாலும் உங்களுக்குக் கிடைக்காது. சட்டம் சொல்கிற அந்த அறுபது வருஷம் அவருக்கு இன்னும் தொடங்கவே இல்லை.