அண்ணன் தம்பி செய்த மோட்டார் சைக்கிள்

என் சித்தப்பாவிடம் இருந்த மோட்டார் சைக்கிளைச் செய்தவர்கள் இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிறிய ஊரைச் சேர்ந்த அண்ணன் தம்பி. அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. இதைச் சொல்ல வேண்டிய காலத்தில் நான் சொல்லவில்லை.

இருவரும் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் எஞ்சின் செய்து பார்த்து, பிறகு வண்டியே செய்யத் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய காலத்தில், இவர்கள் ஒவ்வொன்றாகச் செய்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த செங்குத்தான மேட்டில் அண்ணன் தானே ஏற்றிப் பார்ப்பார். வண்டி ஏற முடியாமல் முக்கினால் விற்பனை கிடையாது. தம்பி மறுபடி பிரித்து மாட்ட வேண்டும். மலிவாகச் செய்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலை வந்தபோது கடையைச் சாத்திவிட்டார்கள்.

சித்தப்பாவுக்கு வண்டியை விற்ற பாதிரியார் இவ்வளவையும் சொல்லியிருந்தார். சித்தப்பா அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றுதான் குறிப்பிடுவார், எங்கள் ஊர் வேப்பந்தட்டையில் அடுத்த தெருவில் குடியிருப்பவர்களைப் போல. "மேட்ல ஏத்திப் பாக்காம பெரியவரு வெளிய வுட மாட்டாருடா" என்பார்.

சித்திக்கு அந்த இருவரையும் பிடிக்காது. ஒரு வருடம் வண்டி பிரித்துப் போட்டபடி கிடந்ததில் தீபாவளிக்குப் பிறந்த வீடு போவது தவறிப்போனது. சித்தி கோபித்துக்கொண்டு அரியலூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். போகும்போது சொன்னாள்: "அந்த வண்டி தள்ளாம, இழுக்காம எங்க வூட்டு வாசலுக்கு வரட்டும். நானே பின்னாடி ஏறி உக்காந்து வரேன்."

சித்தப்பா அதை வரமாக எடுத்துக்கொண்டார்.

அந்தக் காலத்து எஞ்சினுக்கு எண்ணெய் தானாகப் போகாது. ஓட்டுகிறவர்தான் போகப் போக ஒரு கைப்பம்பை அழுத்தி இறக்க வேண்டும். ஆமணக்கெண்ணெய் உகந்தது என்பது பாதிரியார் சொன்ன பக்குவம். எங்கள் காட்டில் ஆமணக்குக்குப் பஞ்சமில்லை. அம்மா கொட்டையை வறுத்து இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பாள். அதில் கலந்திருக்கும் தண்ணீர் வற்றும்வரை மறுபடி காய்ச்ச வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை சடசடக்கும். சத்தம் அடங்கினால்தான் இறக்கலாம்.

அன்று அம்மா மாட்டைப் பிடித்துக் கட்டப் போனபோது அடுப்பை என்னிடம் விட்டுப் போனாள். சித்தப்பா என்னையும் அரியலூருக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். புதுச் சட்டை போடும் அவசரத்தில் சட்டியை இறக்கிவிட்டேன்.

"சத்தம் நின்னுடுச்சாடா?" என்று அம்மா கேட்டாள்.

"எப்பவோ நின்னுடுச்சும்மா."

சித்தப்பா பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினார். பெரம்பலூர் தாண்டும்வரை எந்த மேட்டிலும் வண்டி முக்கவில்லை. "பாத்தியாடா பெரியவரு வேலைய!" என்று கத்தினார். பிறகு எஞ்சினிலிருந்து ஓர் அலறல். சக்கரம் இறுகி, இருவரும் சரளையில் உருண்டோம்.

வைக்கோல் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாட்டு வண்டியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு அரியலூர் போய்ச் சேர்ந்தோம்.

"வாங்க மாப்ள. இங்கிலீஷ்காரன் வண்டிக்கு நம்மூரு காளதான் இஞ்சினா?" என்றார் சித்தப்பாவின் மாமனார். தெருவே சிரித்தது. சித்தியும்தான். சித்தப்பாவின் முழங்காலில் ரத்தத்தைக் கண்டதும் அவள் சிரிப்பு நின்றது.

மறுநாள் காலை பையோடு எங்கள் பின்னால் பஸ் ஏற வந்தாள். "என்னம்மா, சபதமெல்லாம் அவ்வளவுதானா?" என்று அவள் அப்பா கேட்டார். "அந்த வண்டிய யாரு தள்ளுனா, யாரு இழுத்தா? ஏத்திக்கிட்டுல்ல வந்தாரு!" என்றாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று நினைத்தேன்.

வண்டி சில நாள் கழித்து லாரியில் வந்தது. சித்தப்பா எஞ்சினைப் பிரித்தார். கீறல் விழுந்த பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"எண்ணெய் நல்லா காஞ்சிதான இருந்துச்சு?"

"ஆமா சித்தப்பா."

அவர் என்னை நம்பினார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப, பெரியவரு இத மட்டும் ஏத்திப் பாக்காம வுட்டுட்டாரு போலருக்கு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. பழி கடல் தாண்டிப் போய்விட்டது. வண்டி பழைய இரும்புக்குப் போனது. அதன்பின் அவர் பெரியவர் பேச்சையோ சின்னவர் பேச்சையோ எடுக்கவில்லை.

பின்னாளில் பொறியியல் கல்லூரி வகுப்பில்தான் விளங்கியது. தண்ணீர் அடியில் தங்கும். பம்பு அடியிலிருந்துதான் இழுக்கும். நம்பிக்கையோடு அவர் அழுத்திய ஒவ்வொரு முறையும் எஞ்சினுக்குள் போனது தண்ணீர். அப்போதும் சித்தப்பா உயிரோடு இருந்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போனேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன், சொல்லவில்லை.

சென்ற மாதம் பேரனை விட்டுச் செல்போனில் அந்தச் சகோதரர்களைத் தேடச் சொன்னேன். இரண்டு வரிகள் கிடைத்தன. அவர்கள் வேலையை நினைத்துப் பெருமைப்பட அப்போதே உலகத்தில் மிஞ்சியிருந்தவர் அநேகமாக என் சித்தப்பா ஒருவர்தான். அந்த ஒருவரையும் நான் அவர்களிடமிருந்து பறித்துவிட்டேன் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.