நான்காவது இடம்

தை மாதம் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். ஐந்து மணிக்கு மாமா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படகுக்குப் போனார். ஐந்தேகாலுக்கு அக்காவின் மகள் மீஞ்சூர் கம்பெனி வேலைக்குப் பஸ் பிடிக்கப் போனாள். ஐந்தரைக்கு அக்காவின் உதடுகளை ஈரப் பஞ்சால் துடைத்தேன். ஆறு மணிக்கு மூக்குக் குழாய் வழியாக இருநூறு மில்லி கஞ்சித் தண்ணீர், பிறகு வேளை மருந்து. ஆறு ஐம்பதுக்கு அக்கா கட்டில் கம்பியில் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினாள். ஏழு மணிக்குக் கூடுதல் வலி மருந்து கொடுத்தேன். ஏழேகாலுக்குத் தூங்கிவிட்டாள். இதுவரை அந்த நாளும் அதற்கு முந்தைய பத்து நாள்களைப் போலவேதான் என் நோட்டில் இருக்கிறது.

நாங்கள் ஆரம்பாக்கம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அக்காதான் கல்யாணமாகி பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு வந்தாள். தண்ணீரையே அறியாதவள், மாமியாரைப் பார்த்துப் பார்த்து, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். இருபத்தாறு வருடம் அதுதான் அவள் வேலை. நான் படித்து, பொன்னேரியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். பொங்கலுக்கும் அம்மன் திருவிழாவுக்கும் வந்து ஒரு நாள் தங்கிப் போவதோடு சரி. அவள் எப்படி வேலை செய்கிறாள் என்று ஒருமுறைகூடக் கரையில் நின்று பார்த்ததில்லை. அவளுக்கு நாக்கில் வந்த புண் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை செய்து, பேச்சு போய், அது கழுத்துக்கும் இறங்கிய பிறகு, இனி வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அன்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வந்ததும் வீட்டை ஒழுங்கு செய்தேன். மருந்துகளுக்கு ஒரு தட்டு, துணிகளுக்கு ஒரு கூடை, நேரம் குறிக்க ஒரு நோட்டு. தொற்று வந்துவிடும் என்று வெளியாட்களை வாசலோடு நிறுத்தினேன். அக்காவோடு இறால் பிடிக்கும் பெண்கள் முதல் நாளே வந்தார்கள், ஈரப் புடவையோடு, கால் முழுக்கச் சேறோடு. இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். வாரம் ஒருமுறை வரும் நர்ஸ், பேச முடியாதவர்கள் அமைதியில்லாமல் இருந்தால் அது வலியாக இருக்கலாம், கேட்டுப் பார்த்துவிட்டுக் கூடுதல் மருந்து கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். இரண்டாம் நாள் காலை அக்கா கட்டிலைத் தட்டினாள். நான் மருந்து கொடுத்தேன். கேட்டுப் பார்க்கும்படி அவர் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டதாக எங்கும் எழுதவில்லை.

அந்தத் தட்டும் சத்தம் எனக்குப் பழகவே இல்லை. வலியில் துடிக்கிறவள் தட்டுவதைப் போல இருக்காது. இரண்டு தட்டு, பிறகு நீண்ட அமைதி. அந்த அமைதியில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, மூச்சைக்கூடக் குறைத்துக்கொண்டு எதையோ உற்றுக் கேட்பாள். ஜன்னலுக்கு வெளியே பனி. ஏரி இருக்கும் திசையே தெரியாது. நானும் நின்று கேட்டிருக்கிறேன். ஒன்றும் கேட்காது. ஆனால் அவள் முகம் சட்டென்று இளகும், உடனே மறுபடி இரண்டு தட்டு. யாரோ கூப்பிட்டதற்கு இவள் பதில் சொல்வதைப் போல இருக்கும். மருந்தை எடுக்க விரைவேன். உண்மையைச் சொன்னால், சில காலைகளில் அவள் வலிக்காக மட்டும் நான் அந்த மருந்தைக் கொடுக்கவில்லை. அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்றும் கொடுத்தேன்.

மாமாவும் அக்கா மகளும் இதைக் கேட்டதில்லை. அவர்கள் வீட்டில் இருக்கும் நேரங்களில் அக்கா தட்டமாட்டாள். மாலையில் அந்தப் பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அக்கா பாதித் தூக்கத்தில் இருப்பாள். "அம்மா என்னப் பாக்கவே மாட்டேங்குது சின்னம்மா" என்று ஒருநாள் சொன்னாள். நோய் முற்றினால் அப்படித்தான் இருக்கும் என்று நான் விளக்கினேன்.

அந்தத் திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்கு ஒரு பெண் வாசலைத் தாண்டி நேராக உள்ளே வந்தாள். தண்ணீரில் அக்காவுக்கு வலப்பக்கம் நிற்பவள். ஊரே அவளை அக்காவின் வலக்கை என்றுதான் சொல்லும். தடுக்க எழுந்தேன்.

"இன்னா ஆபீசரம்மா, எங்க ஆளப் பாக்க உங்கிட்ட மனு எழுதிக் குடுக்கணுமா? ஸ்டாம்பு ஒட்டணுமா, வேணாமா?" என்றாள். சொல்லிவிட்டுக் கட்டிலருகே தரையில் உட்கார்ந்துகொண்டாள். மருந்தின் வேகம் குறைந்து அக்கா கண் திறந்தாள். அவளைப் பார்த்தாள். கை மெல்ல நகர்ந்து கம்பியில் இரண்டு முறை தட்டியது. நான் பழக்கத்தில் மருந்துப் பாட்டிலை எடுத்தேன். அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள். மற்றக் கையால், பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரில் இரண்டு முறை தட்டினாள். அக்காவின் தோள்கள் தளர்ந்தன. இத்தனை நாளில் அவள் முகத்தில் நான் பார்க்காத ஒன்று வந்தது. அதைச் சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

"அவ வலிக்குதுன்னு தட்டல. பக்கத்துல ஆள் இருக்குதான்னு கேக்குறா. நீ பதில் சொல்லாம தூங்க வெச்சுட்டியேம்மா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு பெண்கள் ஒரு வரிசை. பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், அதனால் வாய் திறக்க முடியாது. இடுப்பில் கட்டிய கயிற்றில் அன்னக்கூடை என்ற அகன்ற அலுமினியப் பாத்திரம் பின்னால் மிதந்து வரும். பனியில் பக்கத்து ஆள் தெரியாது. அந்தக் கூடையில் இரண்டு தட்டு தட்டினால் இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்று அர்த்தம். பதில் வராவிட்டால் வரிசை முழுக்க நின்றுவிடும், பதில் வரும்வரை யாரும் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. மூன்று தட்டு என்றால் நான் கரை ஏறுகிறேன், என் இடத்தை மூடிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அக்கா நடுவில், நான்காவது இடம்.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவ மூணு தட்டல, அதனால நாங்க எடத்த மூடல. வுட்டு வெச்சுதான் எறங்குறோம். அந்த எடத்துலேர்ந்து தட்டு வருதும்மா. நான் தட்டுனா பதில் வருது. முன்ன நாங்க கரை ஏறுற வரைக்கும் வரும், இப்ப ஏழு மணி பஸ் ஆரன் அடிக்கிற வரைக்கும்தான் வருது, அப்பால நின்னு போவும். பதில் இல்லாம எப்டி நகர்றது? பத்து நாளா அதோட நின்ன எடத்துலயே நின்னுட்டு பாதிப் பறியோட கரை ஏறுறோம்."

நான் நோட்டைத் திறந்தேன். தட்டிய நேரங்கள் எல்லாம் இருந்தன. ஆறு இருபது, ஆறு நாற்பத்தைந்து, ஆறு முப்பது, ஆறு ஐம்பது. ஒரு நாளும் ஏழைத் தாண்டவில்லை. ஏழு மணிக்கு நான் மருந்து கொடுத்துவிடுகிறேன். மாமா வந்ததும் கேட்டேன். வரிசை இறங்கும் இடம் இங்கிருந்து அரை கிலோமீட்டருக்குக் குறையாது என்றார். விரல் முட்டி கம்பியில் படும் சத்தம் அடுப்படிக்கே சரியாகக் கேட்காது. அவள் சொன்னதையும் நோட்டில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

நர்ஸுக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வேளை மருந்தை நிறுத்தாதீர்கள், கூடுதல் மருந்தை வலிக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்றார். முதல் முறையாக அக்காவிடம் குனிந்து கேட்டேன். "வலிக்குதா அக்கா?" இல்லை என்று தலையை அசைத்தாள். அன்று பகல் முழுக்க விழித்திருந்தாள். மூச்சு மட்டும் மாறிக்கொண்டே வந்தது. அக்கா மகளுக்குச் சொல்லியனுப்பினோம், நாலு மணிக்கு ஓடி வந்தாள். அக்கா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு தட்டினாள். பெண் என்னைப் பார்த்தாள். "பதில் சொல்லு" என்றேன்.

கட்டிலைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தோம். வலக்கை வலப்பக்கம், பெண் இடப்பக்கம், கால்மாட்டில் மாமாவும் நானும். அக்கா தட்டும்போதெல்லாம் ஒருவர் பின் ஒருவராகத் தட்டினோம். மாமா முதலில் தட்டத் தெரியாமல் நாலு தட்டு தட்டிவிட்டார். "நைனா, கதவு தட்டுறியா?" என்று பெண் அழுதுகொண்டே சிரித்தாள். அக்காவின் தொண்டையிலும் ஒரு சத்தம் வந்தது. பத்து நாள்களை நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். திரும்பக் கிடைத்தது இரண்டரை மணி நேரம்.

ஆறு முப்பத்தைந்துக்கு இரண்டு தட்டு. நாங்கள் பதில் சொன்னோம். அதன்பின் எங்கள் முறையில் தட்டினோம். பதில் வரவில்லை. யாரும் நகரவில்லை. விளக்கு போடவில்லை, அழவில்லை. இருட்டிக்கொண்டு வரும் அறையில் நாலு பேரும், கால் சேற்றில் புதைந்தவர்களைப் போல, அப்படியே உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று நான் குறிக்கவில்லை. கடைசியில் வலக்கைதான் அக்காவின் கண்களை மூடினாள்.

சாவு விழுந்தால் வரிசை இறால் பிடிக்காதாம். ஆனாலும் மறுநாள் விடியலில், பறி இல்லாமல், வெறும் அன்னக்கூடைகளோடு இறங்கி நிற்க வேண்டும். போனவளின் ரத்த உறவில் ஒருத்தி கரையிலிருந்து மூன்று தட்ட வேண்டும். அவள் தட்டாமல் போனாள், யாராவது சொன்னால்தான் இடத்தை மூட முடியும். மகள்தான் தட்ட வேண்டியவள். அவளால் முடியவில்லை.

மறுநாள் காலை நான் முதலில் செய்தது அதுதான். முகம்கூடக் கழுவவில்லை. ஆணியில் மாட்டியிருந்த அக்காவின் அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு மாமாவோடு ஏரிக்கரைக்கு நடந்தேன். வலக்கையோடு சேர்த்து ஆறு பெண்களும் என் கண் முன்னால்தான் தண்ணீரில் இறங்கிப் பனிக்குள் மறைந்தார்கள். கணுக்கால் தண்ணீரில் நின்றேன். இரண்டு தட்டிவிட்டுக் கை நின்றது. மூன்றாவதைத் தட்டினேன். வடக்கு முனையிலிருந்து ஒவ்வொருத்தியாக மூன்று மூன்று தட்டாகப் பதில் வரத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது பதில் மற்றவற்றைவிட மெல்லியதாக இருந்தது, இரும்பில் விரல் முட்டி படுவதைப் போல. ஐந்து. ஆறு. ஏழாவது பதிலும் வந்த பிறகுதான் பனிக்குள் தண்ணீர் கலங்கும் சத்தம் கேட்டது. வரிசை நகர்ந்தது.