உலைக்கு முன் ஒரு கைப்பிடி

என் தங்கச்சி லீதியாள், உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக வைப்பாள். எங்கள் சபையில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு டப்பா இருக்கும். அதில் சேர்ந்ததை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுபோய், முன்னால் வைத்திருக்கும் அண்டாவில் கொட்டுவோம். ஆராதனை முடிந்ததும் அந்த அரிசியை ஏலம் விட்டு, பணத்தைச் சபைக்குச் சேர்ப்பார்கள். நாங்களெல்லாம் பல நாள் மறந்துவிட்டு, சனிக்கிழமை மொத்தமாக அள்ளிப் போடுகிறவர்கள். லீதி அப்படியில்லை. ஒரு வேளையும் தவறமாட்டாள். எடுக்கும்போது உதடு மட்டும் அசையும். அவள் புருஷன் ஆசீர் மரத்திலிருந்து விழுந்த பிறகு அந்த ஜெபம் ஒன்றுதான்: அவர் எழுந்து நிற்க வேண்டும்.

ஆசீருக்குச் சக்குபள்ளத்தில் ஏலக்காய்த் தோட்ட வேலை. மழை தொடங்குமுன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்க வேண்டும். அவ்வளவு உயரம் ஏறத் துணிந்தவர்கள் தோட்டத்தில் குறைவு. அவர் ஏறுவார். ஒருநாள் இடுப்புக் கயிற்றைக் கட்டியிருந்த கிளையே முறிந்துவிட்டது. கோட்டயத்தில் ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி திரும்பாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஜீப்பில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்த லீதி என்னிடம், "டாக்டர் தனக்குத் தெரிஞ்சதச் சொல்லிட்டாருக்கா. தெரியாதத ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்றாள். அழவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு நெஞ்சுரம் வேறு யாருக்கும் கிடையாது. எனக்கும் கிடையாது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு அறை, ஒரு அடுப்படி. விடியுமுன் அவரைத் துடைத்து, உடை மாற்றி, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டிவிட்டுக் காய் எடுக்கப் போவாள். மத்தியானம் அவரைப் புரட்டப் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி வருவாள். அம்மன் கும்பிடுகிறவள். வாய் அதிகம், கை அதைவிட அதிகம்.

"ஏட்டி லீதி, எங்க ஆத்தாளுக்கு ஒரு தீச்சட்டி எடுத்திருந்தா மனுசன் இந்நேரம் காய்ச் சாக்கு சுமந்திருப்பாரு. உங்க சாமிக்குக் காது மந்தமா?"

"மந்தமில்ல மயினி. வரிசை நீளமா இருக்கு."

கட்டிலிலிருந்து ஆசீர் சொல்வார்: "ரேஷன் கடை வரிசை. நம்ம முறை வரும்போது சர்வர் வேலை செய்யாது."

மூன்று பேரும் சிரிப்பார்கள். அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது என்பதை நான் எழுதத்தான் வேண்டும். இல்லையென்றால் அவர்களைப் பற்றிப் பாதிதான் சொன்னதாக ஆகும்.

ஜெபிக்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஒருமுறை கட்டப்பனையிலிருந்து வந்த ஒரு அம்மா, ஆசீர் தலையில் கை வைத்து உரக்க ஜெபித்தார். காலைத் தூக்கச் சொன்னார். கால் அப்படியே கிடந்தது. அந்த அம்மா லீதி பக்கம் திரும்பி, "உங்க விசுவாசம் பத்தலம்மா" என்றார்.

லீதி அவருக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். "அப்படின்னா உங்களதுல கொஞ்சம் குடுத்துட்டுப் போங்கம்மா, நான் போட்டுக்கிடுதேன்" என்று சொல்லி டம்ளரை நீட்டினாள். டீயில் சீனி குறைத்துப் போட்டதாகவும் நினைவு.

வருஷங்கள் போகப் போக அந்த ஜெபம் சிறுத்தது. நிற்க வேண்டும் என்பது, சாய்ந்து உட்கார்ந்தால் போதும் என்றானது. பிறகு முதுகுப் புண் ஆறினால் போதும் என்றானது. நானாகக் கேட்கவில்லை. அவளே ஒருநாள் புளி கரைத்துக்கொண்டே சொன்னாள்: "பெருசா கேட்டா குடுக்க மாட்டேங்காரு. அதான் சின்னதா கேக்கேன்."

போன கோடை மோசமானது. இங்கே இப்படியும் வெயில் அடிக்குமா என்று வயதானவர்களே திகைத்தார்கள். ஏலச்செடிகள் நின்ற நிலையில் காய்ந்தன. மலைக்குக் கீழே கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிவரும் ஜீப்புகள் நின்றன. எங்களுக்கும் வேலை இல்லை. அப்போதும் லீதி அடுப்புப் பக்கத்து டப்பாவில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, அவருக்கே அரை வயித்துக் கஞ்சி. இதுல ஆண்டவருக்கு என்ன பங்கு?"

"பங்கு இல்லக்கா. கை பழகிப்போச்சு. நிறுத்துனா, நம்பிக்கை விட்டுட்டேன்னு அவரு நினைச்சிருவாரு."

எந்த அவர் என்று நான் கேட்கவில்லை. கட்டிலில் கிடந்தவரைத்தான் அவள் பார்த்தாள்.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அண்டாவில் அரிசி கொட்டினோம். லீதியும் தன் டப்பாவைக் கவிழ்த்தாள். உபதேசியார் எழுந்து, இந்தப் பஞ்சம் தீரும்வரை ஏலம் கிடையாது, கைப்பிடி அரிசி கஷ்டத்தில் இருக்கிற ஒரு வீட்டுக்குப் போகும் என்று அறிவித்தார். முதல் வீடாக லீதி பெயரைச் சொன்னார். கோவிலில் எல்லாத் தலையும் திரும்பியது. அவள் முகம் வெளுத்துப்போனது. முன்னால் போய்த் தலைகுனிந்து, சாக்கை வாங்கிக்கொண்டாள். நான் சுமக்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை. தானே தலையில் வைத்து மேடேறினாள்.

வீட்டில் சாக்கை அவிழ்த்ததும் ஆசீர் எட்டிப் பார்த்தார்.

"நீ போட்ட அரிசியுமா உள்ள இருக்கு?"

"ஆமா."

"அப்ப சரி. ஆண்டவரு வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. லீதிக்கு வரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதாள். விபத்துக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "கொடுக்கிற எடத்துல இருந்தேன்க்கா" என்றாள். "அந்த ஒண்ணுதான் எங்கிட்ட இருந்துச்சு."

ஆசீரின் முகம் வாடிவிட்டது. "சும்மா சொன்னேன், லீதி" என்று மெதுவாகச் சொன்னார். எட்டித் தொடக் கை நீட்டினார். எட்டவில்லை.

கைப்பிடி அரிசியைச் சோறாக வடிக்க முடியாது. பல வீட்டு அரிசி அது. ரேஷன் சிவப்பரிசி, பொன்னி, பச்சரிசி எல்லாம் கலந்திருக்கும். ஒன்று குழையும்போது இன்னொன்று விறைத்து நிற்கும். அதனால் கஞ்சிதான் வைப்பார்கள். லீதி கண்ணைத் துடைத்துக்கொண்டு உலை வைத்தாள். அரிசியை அளந்தாள். பிறகு அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் போட்டாள்.

"காணிக்கையிலயே காணிக்கையா?" என்றேன்.

"வீட்டுக்குள்ள வந்துட்டா நம்ம அரிசிதான்" என்றாள். உதடு அசைந்தது.

அந்த அரிசி தீருமுன் ஆசீருக்குக் காய்ச்சல் வந்தது. புண்ணிலிருந்து வந்த காய்ச்சல். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கப் பஞ்சாயத்திலிருந்து வரும் பாலியேட்டிவ் நர்ஸ் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, லீதியிடம் பேசாமல் என்னிடம் பேசினாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள். சின்னத்தாயி திருநீறு கொண்டுவந்து, லீதி பார்க்கவில்லை என்று நினைத்து ஆசீர் நெற்றியில் பூசினாள். லீதி பார்த்தாள். துடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு அவ்வப்போது நினைவு வரும். ஒருமுறை கண் திறந்து, "லீதி, வரிசை நகருதா?" என்று கேட்டார்.

"நகருது" என்றாள். "முன்னால ரெண்டு மூணு பேருதான்."

அவர் தலையசைத்தார். அதற்குப்பின் பேசவில்லை. மறுநாள் காலை, நான் டீ வாங்கிக்கொண்டு வரும்போது லீதி அவர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலுக்கு உணர்ச்சி இல்லை என்று அத்தனை வருஷமாகத் தெரிந்தும் தினமும் தேய்த்தவள். "போயிட்டாருக்கா" என்று சொல்லிவிட்டு, தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அடக்கத்தில் உபதேசியார் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொன்னார். அந்த நாளில் ஆசீர் எழுந்து நிற்பார் என்றார். பெண்கள் அழுதார்கள். லீதி அழவில்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை அவளுக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது மழை பெய்து, மிஞ்சிய செடிகள் தளிர்த்திருக்கின்றன. லீதி காய் எடுக்கப் போகிறாள். என்னோடு வந்து இரு என்றால் வரமாட்டேன் என்கிறாள். கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்திருக்கிறாள். போன வாரம் போயிருந்தேன். எனக்கும் சேர்த்து உலை வைத்தாள். அரிசி போடுமுன் கை தானாக ஒரு பிடி எடுத்தது, டப்பாவைத் திறந்தது, போட்டது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசையவில்லை.

"என்னட்டி, ஜெபிக்கலையா?"

"என்னத்தக் கேக்க?" என்றாள்.

மூடியை அழுத்தி மூடிவிட்டு, ஈர விறகை ஊதத் தொடங்கினாள்.